கொண்டபல்லியில் ஒரு கைமாற்று

விஜயவாடாவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் பழங்கோட்டையும் கீழே பொம்மைக்காரர் தெருவுமாக அமைந்த ஊர் கொண்டபல்லி. பதினான்காம் நூற்றாண்டில் ரெட்டி மன்னர் எழுப்பிய அக்கோட்டையைக் காண நாங்கள் சென்றோமில்லை. எங்கள் பைக்குள், பழைய வேட்டித் துணியிற் சுற்றப்பட்டு, ஒரு சாண் உயரமுள்ள குடியானவர் ஒருவர் படுத்திருந்தார்.

அவருடைய வரலாற்றைச் சொல்லவேண்டும். ஓடும் இரயிலில் தபால் பிரிக்கும் உத்தியோகத்தில் இருந்த எங்கள் தந்தையார் 1971-இல் விஜயவாடாவுக்கு மாற்றலாகி வந்தபோது, கொலுப் பொம்மைகள் யாவும் கும்பகோணத்திலேயே தங்கிவிட்டன. புரட்டாசியில் வெறும் படிகளைக் கண்டு மனம் சோர்ந்த அன்னையாருக்காக அவர் வாங்கி வந்த முதற் பொம்மை இது. பாட்டனாரைக் கண்டறியாத எங்கள் மகளுக்கு இவ்வாண்டு ஓர் ஆசை பிறந்தது. குடியானவரின் கோல் பிடித்த கையை எடுத்துவிட்டுத் தபால் பை ஏந்திய கையை வைத்தால், தாத்தா கொலுவுக்கு வந்துவிடுவாராம்!

"படியில் வைத்து விளக்கேற்றின பொம்மையடி! அதன் கையைப் பிடுங்குவார்களா?" என்றார் அன்னையார். அவர் அச்சத்துக்குக் காரணம் உண்டு. முன்பொரு முறை வேறொரு பொம்மையின் ஆடிய கையைக் கத்தி முனையால் நெம்பித் தோளையே பிளந்தவர்கள் நாங்கள். ஆதலால் இம்முறை கண்காணிப்பதற்கென்றே அவரும் உடன் வந்தார்.

இவ்வூர்ப் பொம்மை ஒரே கட்டையில் செதுக்கியதன்று. தெலுங்கில் 'தெல்ல பொணிகி' என வழங்கும், தக்கையோ என ஐயுறத்தக்க மென்மரத்தில், உடலைத் தனியாகவும் கைகளைத் தனியாகவும் செய்து, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் கலந்த பசையால் இணைக்கிறார்கள். அப்பசைக்கு மக்கு என்று பெயர். (பள்ளியில் ஆசிரியர் வாயால் நாம் கேட்ட மக்கு வேறு.) அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கும் மேல் வண்ணம். ஆகவே பொம்மையைப் பிரிக்க விரும்புவோர் மரத்தோடு போராடலாகாது. ஒட்டு எங்கே என்று தேடவேண்டும்.

நாங்கள் நாடிச் சென்ற முதியவர் பொம்மையை வெளிச்சத்திற் சாய்த்து, நகத்தால் தோளைத் தடவியே இணைப்பைக் கண்டுகொண்டார். மெல்லிய அலகால் வண்ணத்தை மட்டும் சுற்றிலும் கீறினார். கீறாமல் இழுத்தால் மார்பின் வண்ணமும் கையோடு உரிந்து வருமாம். பின்னர், நனைத்துப் பிழிந்த பஞ்சைத் திரியாக்கிக் கீறலின்மேல் சுற்றிவைத்தார். ஈரம் மிகுந்தால் மரம் ஊறும். குறைந்தால் ஒட்டு இளகாது. அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார், பஞ்சை மாற்றினார், மீண்டும் பேசினார். அவசரக்காரர்களாகிய எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறுதியில் இரு விரல்களால் மிகச் சிறிதே அசைத்தார். கை கழன்று வந்தது. அன்னையார் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"இந்தக் கையைத் திரும்ப வைக்க முடியுமா?" என்று தம் தெலுங்கில் வினவினார்.

"எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், அம்மா. புதுக் கையைத்தான் இந்தத் தோளுக்கு ஏற்றபடி செதுக்குவேன். தோளின்மேல் உளி படாது" என்றார் முதியவர்.

அச்சொல் அன்னையாரை முற்றிலும் மாற்றிவிட்டது. அதுவரை தடுத்தவர், கட்டளையிடத் தொடங்கினார். பை இன்னும் கனமாக இருக்கவேண்டும். கை சற்றுத் தாழவேண்டும். "அவர் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நடப்பார்" என்றார். இதை நாங்களும் மறந்திருந்தோம். எங்கள் மகள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மக்கு உலர்ந்து வண்ணமும் காய்வதற்கு ஒரு வாரம் தவணை. மறுவாரம் சென்றபோது, பையேந்திய பாட்டனாரோடு, கோலேந்திய பழைய கையையும் காகிதத்தில் மடித்துத் தந்தார். அன்னையார் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து அதற்குள் வைத்துக்கொண்டு, வீடு வரும் வரையில் கண்ணாடியைக் கழற்றாமலே வந்தார்.