மணமேல்குடியிலிருந்து பிரான்சுக்கு!

வெளிநாட்டுப் பிரயாணம் போய் வந்தவர்களிடம் ஒரு பொதுவான குணம் உண்டு. நாம் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்; நாம் 'போதும்' என்ற பிறகும் நிறுத்தமாட்டார்கள். ஸ்பெயின் தேசத்துக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் ஒரு மாதமாக என்னை இப்படி வாட்டிக்கொண்டிருந்தார். மாட்ரிட், ஸரகோஸா, பார்சிலோனா என்று நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்களாம். பிரனீஸ் மலைப் பக்கம் தாண்டியதும் பிரான்சு வந்துவிட்டதாம். "எல்லையில் ஒரு போர்டுதான் ஸார் இருந்தது. பஸ் நிற்கவே இல்லை!" என்பார், அந்த எல்லையை அவரே அழித்துவிட்டு வந்தவர் போல. அந்த இரண்டு தேசங்களும் 1995-லேயே எல்லைச் சோதனையை எடுத்துவிட ஒப்புக்கொண்டு அமல்செய்துவிட்டன என்று சொன்னால் கேட்கமாட்டார்.

ஆகவே, மணமேல்குடியிலிருந்து என் மாமியார் டெலிபோனில், "மாப்பிள்ளே, எங்க குழுவிலே டூர் போறோம். நாகப்பட்டினம், காரைக்கால், பாண்டிச்சேரி. லீவு போட்டுட்டு வந்துருங்க" என்று கூப்பிட்டதும் துள்ளிக் குதித்தேன். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரஞ்சுக்காரர் என்று நாலு தேசத்தார் ஆண்ட ஊர்கள், ஒரே சாலையில்! நண்பரை மடக்க இதைவிடச் சந்தர்ப்பம் ஏது?

மணமேல்குடி புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர். அறுபத்துமூவரில் ஒருவரும், பாண்டிய மன்னனின் மந்திரியுமான குலச்சிறை நாயனார் அவதரித்த தலம். நிர்வாகத் திறமை அந்த ஊர்த் தண்ணீரில் இன்னும் இருக்கிறது என்பதற்கு என் மாமியாரே சாட்சி. அவர் தலைமை வகிக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் வாரம் நூறு ரூபாய் வீதம் ஒரு வருஷம் சேர்த்து, பஸ் பேசி, இரண்டு அண்டா புளியோதரையும் கிளறிவிட்டார்கள். பெண்கள் முப்பத்தாறு பேர்; துணைக்கு ஆண்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம்: "காரைக்கால்லே யாரும் தனியா இறங்கக் கூடாது." காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆவணி பிறந்த வாரம். விடியற்காலை ஜெகதாப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது. என் முன் ஸீட்டில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி கட்டுமாவடி தாண்டியதும் மாமியார் என் காதில் விஷயத்தைச் சொன்னார். அவளுடைய புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மூன்று வாரத்துக்கு முன் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று படகோடு பிடித்துக்கொண்டு போய், யாழ்ப்பாணத்தில் சிறையில் வைத்திருக்கிறார்கள். "வரமாட்டேன்னுதான் சொல்லுச்சு. 'வேளாங்கண்ணியிலயும் நாகூர்லயும் வேண்டிக்கிட்டு வா'ன்னு அதோட மாமியார்தான் பிள்ளையை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிருக்கா."

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சூரியன் உதிக்கும்போது மனோராவின் முன்னால் நின்றோம். தஞ்சை சரபோஜி மன்னர் கட்டிய எட்டு நிலைக் கோபுரம். எதற்காகக் கட்டினார் தெரியுமோ? நெப்போலியன் வீழ்ந்ததற்காக! வெலிங்டன் ஸ்பெயின் நகரங்களின் வழியாகப் பிரஞ்சுப் படையை விரட்டிக்கொண்டு பிரான்சுக்குள்ளேயே நுழைந்தார். 1814-ல் நெப்போலியன் முடி துறந்தார். அதைக் கொண்டாட நம் சோழ மண்டலக் கரையில் ஒரு ஸ்தம்பம். என் நண்பர் பஸ்ஸில் போன திசை இருக்கிறதே, அதே திசையில் போன சேனைக்கு இங்கே ஞாபகச் சின்னம்! இதை நான் உற்சாகமாக விளக்கியபோது, "அவருக்கென்ன, ராஜா. நமக்கு இட்லி ஆறுது" என்றார் மாமியார்.

வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நாகப்பட்டினம் சேர்ந்தோம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர் பிடித்த ஊர்; 1781-ல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதற்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டு முன்னே, கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் இங்கே புத்த விஹாரம் கட்ட, ராஜராஜ சோழன் ஒரு கிராமத்தையே மானியமாக விட்டான். அந்தச் செப்பேடுகள் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போனதால், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன.

துறைமுகத்தின் வேலிக்கு வெளியே எல்லோரும் நின்று பார்த்தோம். உள்ளே ஒரு வெள்ளைக் கப்பல்.

"இது எங்கேண்ணே போகுது?" என்று அந்தப் பெண் கேட்டாள். அன்று அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"காங்கேசன்துறைக்கு அம்மா. யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். நாலு மணி நேரம் ஆகும்."

"எல்லையைத் தாண்டித்தானே போகுது?"

"ஆமாம்."

"இதைப் பிடிக்கமாட்டாங்களா?"

பாஸ்போர்ட், சீட்டு, சுங்கச் சோதனை என்று விவரம் சொன்னேன். இந்தக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியதையும் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடலில் அந்தக் கோட்டைப் போட்டது 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தம். கோட்டுக்கு இந்தப் பக்கம் மீன் குறைந்துகொண்டே வருகிறது. விசைப்படகுக்கு வாங்கிய கடன் குறைவதில்லை. அந்தப் பக்கத்து மீனவர்களும் தமிழர்கள்தாம். யுத்தம் 2009-ல் முடிந்த பிறகு கடலுக்குத் திரும்பியவர்கள். நம் இழுவைமடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் புகார். இலங்கையில் இழுவைமடியை 2017-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இதை எப்படி அவளிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவளே சொன்னாள்: "அவங்களும் கடன் வாங்கித்தானே வலை வாங்கிருப்பாங்க? எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லும். சொல்லிக்கிட்டேதான் போகும்."

நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு வாஞ்சூர் எல்லையை அடைந்தோம். டிரைவர் பெர்மிட் காகிதத்தைக் காட்டிவிட்டு ஏறினார். "அவ்வளவுதானா? பிரான்சு வந்துருச்சா?" என்றார் மாமியார். வந்துவிட்டது! 1739 முதல் பிரஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால். சுதந்திரம் வந்து ஏழு வருஷம் வரையில் இந்த இடம் அந்நிய தேசம். 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் 'இந்தியாவே' என்று வாக்களிக்க, நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். ஒரு தேசத்தின் எல்லை, ஓட்டுப் போட்டதில் போய்விட்டது! அம்மையார் கோயிலில் மாம்பழம் நைவேத்தியம் செய்துவிட்டு, ஆண்கள் அறுவரையும் எண்ணி ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஆறும் சரியாக இருந்தது.

இரவு தரங்கம்பாடியில் தங்கல். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, நிலவில் மஞ்சளாகத் தெரிந்தது. சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கித் தமிழில் புஸ்தகம் அச்சடித்த ஊர். 1845-ல் டென்மார்க் மன்னர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார். கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

அங்கேதான் அவளுக்கு டெலிபோன் வந்தது. யாழ்ப்பாணத்துக் கோர்ட்டில் அன்றைக்கு விசாரணை. இன்னும் இரண்டு வாரம் வாய்தா. அவள் அழவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதல் சொல்ல நான் வார்த்தை தேடினேன். மாமியார் தேடவில்லை. "எந்திரி தாயி. முப்பத்தஞ்சு பேர் பசியோட இருக்காங்க. பரிமாற ஆள் இல்லே" என்று கரண்டியைக் கையில் கொடுத்தார். மறுநாள் முழுவதும் அந்தக் கரண்டி அவளிடமே இருந்தது. சிதம்பரத்தில் தயிர்சாதம், கடலூரில் மோர், எல்லாம் அவள் பொறுப்பு.

பாண்டிச்சேரிக் கடற்கரையில் பிரஞ்சுக்காரர் 1938-ல் திறந்த யுத்த நினைவுச் சின்னத்தைக் கம்பி வழியே பார்த்தோம். முதல் மகா யுத்தத்தில் பிரான்சுக்காகக் கடல் கடந்து போய் உயிர் விட்டவர்களுக்கு எழுப்பியது. "அவங்க பெஞ்சாதி பிள்ளைங்க எல்லாம் எங்கே இருந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது, குழுவின் வழக்கப்படி, 'அடுத்த டூர் எங்கே?' என்ற கேள்வி எழுந்தது. பழனி என்றது ஒரு கட்சி; திருப்பதி என்றது இன்னொன்று. ஓசை அடங்கிய ஒரு நிமிஷத்தில் அவள் சொன்னாள்: "காங்கேசன்துறை."

பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

"எந்தத் தண்ணிக்குப் பயந்துக்கிட்டே இருக்கோமோ, அதைச் சீட்டு வாங்கிக்கிட்டு ஒரு தடவை தாண்டிப் பாக்கணும்க்கா. நல்லூர்லே முருகன் கோயிலும் இருக்காமே."

மாமியார் ஒரு கணம் யோசித்தார். "பாஸ்போர்ட்டுக்கு என்ன செலவு ஆகும் மாப்பிள்ளே?" என்று என்னைக் கேட்டார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அவளுடைய புருஷன் ஐப்பசியில் ஊர் வந்து சேர்ந்தான். மறுபடி பிடிபட்டால் சிறை என்று எச்சரித்து விட்டிருக்கிறார்கள். படகு வரவில்லை. மாமியாரின் கணக்குப்படி இதுவரை பதினோரு பேர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாகிவிட்டது. முதல் மனு அவளுடையது.