கலங்கிய நீரில் ஒரு மணம்

மீனுக்கு மூக்குத் துளைகள் உண்டு; ஆனால் அவை சுவாசிப்பதற்கு அல்ல, அவ்வேலை செவுள்களுடையது. ஒரு துளை வழியே நுழையும் நீர், உள்ளே மடிப்பு மடிப்பாய் அமைந்த மெல்லிய சவ்வைத் தொட்டு மறு துளை வழியே வெளியேறுகிறது. தீவனத்திலிருந்து நீரில் கரையும் அமினோ அமிலங்களை மீன் அங்கேயே உணர்ந்துகொள்கிறது. மணம் அருகே அழைக்கும். விழுங்குவதா, துப்புவதா என்பதை வாயின் சுவையே தீர்மானிக்கும்.

நம் சபைச் சகோதரர் ஒருவர் கடன் வாங்கிக் குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார். அண்மையில் அங்கே ஜெபிக்கச் சென்றிருந்தேன். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து, துளையிட்ட சாக்குகளில் நிரப்பி, மூங்கில் கழிகளில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டிருந்தார். பச்சை பூத்த நீரில் ஒரு சாண் ஆழத்திற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் சற்று நேரத்தில் கழிகள் அசைந்தன.

மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. ஆகவே மலிவுச் சரக்கின்மேல் ஆசை எழுவது இயல்பே. காறல் வாடை வீசும் புண்ணாக்கை மீன் சரியாகத் தின்னாது. மிஞ்சியது அடியில் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

“ஐயா, மூட்டையைப் பிரித்ததும் முதலில் நான் மோந்து பார்த்துவிடுவேன்” என்றார் அவர்.