ஓஸ் பைப்பும் மஞ்சள் காமாலையும்

மஞ்சள் காமாலையோட ஓபிக்கு வர்றவங்ககிட்ட நான் தவறாம கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "வீட்ல தண்ணி எப்படிப் பிடிக்கிறீங்க?" லிவரைப் பத்திப் பேசாம குழாயைப் பத்தி ஏன் கேட்கிறார் இந்த டாக்டர்னு பல பேர் ஒரு மாதிரி பார்ப்பாங்க.

சமீபத்தில் ஒரு தம்பி வந்தார். கண்ணு, சிறுநீர் ரெண்டுமே நல்ல மஞ்சள். "முந்தாநேத்து தின்ன புரோட்டாதான் சார் காரணம்" என்றார். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஈ.

இந்த வைரஸ் உடம்புக்குள் போன பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 10 வாரங்கள் ஆகும். ஹெபடைடிஸ் ஏ என்றால் 2 முதல் 6 வாரங்கள். ஆகவே முந்தாநாள் புரோட்டா நிரபராதி. போன மாசம் குடிச்ச தண்ணியைத்தான் விசாரிக்கணும்.

விசாரிச்சேன். நகராட்சிக் குழாயில் பச்சை ஓஸ் பைப்பை மாட்டி, அதை நேரா மோட்டாரில் கொடுத்து உறிஞ்சுறாங்க. வீட்டு இணைப்புக் குழாய் தெருச் சாக்கடைக்குள் புகுந்து வருது. அங்கே ஒரு ஜாயின்ட்டில் கசிவு. சைக்கிள் டியூப் சுத்தி வச்சிருக்காங்க.

இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தா இளநீரோட காத்தும் வரும் இல்லையா? அந்த ஓட்டை சாக்கடைக்குள் இருந்தா சாக்கடைதான் வரும். தண்ணீர் தன் அழுத்தத்தில் வரும்போது ஓட்டை வழியா வெளியே கசியும். மோட்டார் போட்டு இழுத்தால் குழாய்க்குள் அழுத்தம் குறைஞ்சு, வெளியே இருக்கிற அழுக்கு உள்ளே வரும்.

மோட்டார் இல்லாத வீட்டிலும் ஆபத்து உண்டு. ஓஸ் நுனி பக்கெட் தண்ணிக்குள் முங்கிக் கிடக்கும்போது சப்ளை நின்னா, பக்கெட் தண்ணி குழாய்க்குள் திரும்பிப் போகலாம். அதில் துணி ஊற வச்சிருந்தாலும், குழந்தையைக் கழுவியிருந்தாலும் அதுவும் சேர்ந்து போகும்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 1933-ல் அமெரிக்காவின் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, 2 ஓட்டல்களில் குழாய் அமைப்பின் கோளாறால் குடிநீரில் கழிவுநீர் கலந்தது. அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். தங்கியவர்களில் பலருக்கு ஊர் திரும்பிய பிறகுதான் நோய் தெரிந்தது. அங்கேயும் குழாய் மேல் சட்டுனு யாருக்கும் சந்தேகம் வரலை.

"எல்லாரும் மோட்டார் போடறாங்க சார். நாங்க போடலைன்னா சொட்டுத் தண்ணி வராது" என்றார் தம்பி. நியாயமான பேச்சுதான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் தண்ணி விட்டா அவங்கதான் என்ன செய்வாங்க? ஆனா ஒரு வீட்டு மோட்டார் இழுக்கிற சாக்கடை, அதே லைனில் மோட்டார் வாங்க வசதியில்லாத பாட்டி வீட்டுக் குடத்துக்கும் போகும்.

அவர் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிடுவார். என் கவலை அவர் மனைவியைப் பத்தி. 7 மாத கர்ப்பம். கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் 100-ல் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம். அன்னைக்கே அவங்களையும் வரச் சொல்லிப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, தொற்று இல்லை.

செய்ய வேண்டியவை:

• மோட்டாரை நகராட்சிக் குழாயில் நேரடியா இணைக்காதீங்க. தண்ணி தானா தரைத்தொட்டியிலோ டிரம்மிலோ விழட்டும். அங்கிருந்து மேலே ஏத்துங்க.

• ஓஸ் நுனி தண்ணி மட்டத்துக்கு 2 அங்குலமாவது மேலே இருக்கணும்.

• பிடிச்சு முடிச்சதும் ஓஸை வடிய விட்டு உயரத்தில் மாட்டுங்க. வெடிச்சது, பாசி பிடிச்சது வேண்டாம்.

• சாக்கடைக்குள் போகும் குழாயை மாத்தச் சொல்லித் தெருவே சேர்ந்து மனு கொடுங்க.

• குடிக்கிற தண்ணியைக் கொதி வந்த பிறகு 1 நிமிடம் கொதிக்க விட்டு ஆற வைங்க. கேன் தண்ணி குடிக்கிறவங்க வாய் கொப்பளிக்கவும் சட்னிக்குக் கொத்தமல்லி அலசவும் எந்தத் தண்ணி எடுக்கிறீங்கன்னு பாருங்க.

வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலைன்னா கர்ப்பிணிகளை உடனே பரிசோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. மருந்து கட்டிப் பார்ப்போம், மந்திரிச்சுப் பார்ப்போம்னு நாளைக் கடத்தாதீங்க.