தீயில் கருகி மீண்டுவந்த ஓவியங்கள்: மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் ஒரு சுற்று

மும்பைக்கு டூர் போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியா முன்பு நின்று ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பினால், சாலைக்கு அந்தப் பக்கம் சிவப்புக் குவிமாடத்தோடு தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல் நிற்கும். ‘இங்கே ஒரு நாள் தங்க எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டுவிட்டு, எல்லோரும் எலிஃபண்டா படகைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால், அந்த வாசலுக்குள் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. அது எரிந்து, திரும்பவும் எழுந்துவந்த அருங்காட்சியகம்.

கேட்வேக்கே மூத்தது!

பலரும் கேட்வேதான் பழசு, ஹோட்டல் பிறகு வந்தது என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். கேட்வே திறக்கப்பட்டது 1924-ல். ஹோட்டல் திறக்கப்பட்டது 1903 டிசம்பர் 16-ல். அதாவது கேட்வேயைவிட ஹோட்டலுக்கு 21 வயது அதிகம். கப்பலில் பம்பாய்க்கு வந்தவர்களை அந்தக் காலத்தில் கரையிலிருந்து வரவேற்றது இந்தக் குவிமாடம்தான்.

கட்டியவர் ஜாம்செட்ஜி டாடா. வெள்ளைக்காரர்களின் ஹோட்டலில் அவரை உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. தன் ஊருக்கு உலகத் தரத்தில் ஒரு ஹோட்டல் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்பதே அவர்கள் கருத்து. லிஃப்ட்டை ஜெர்மனியிலிருந்தும் மின்விசிறிகளை அமெரிக்காவிலிருந்தும் வரவழைத்தார். ஹோட்டல் திறந்த சில மாதங்களில், 1904-ல், அவர் காலமாகிவிட்டார்.

இன்னொரு கதையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டடத்தை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அந்த வருத்தத்தில் கட்டடக் கலைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பார்கள். அதுவும் கட்டுக்கதைதான். முதலில் வாசல் நகரத்தைப் பார்த்து இருந்தது. குதிரை வண்டிகள் அந்தப் பக்கமாகத்தான் வந்தன. இன்று அந்த இடத்தில் நீச்சல்குளம் இருக்கிறது. வடிவமைத்த சீதாராம் கண்டேராவ் வைத்யா வேலை முடியும் முன்பே இறந்துவிட, டபிள்யூ.ஏ.சேம்பர்ஸ் கட்டி முடித்தார். சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டடம் அந்நியமாகத் தெரியாது. இரண்டுமே இந்தோ-சாரசெனிக் பாணிதான்.

படிக்கட்டும் ஓவியங்களும்

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது பேலஸ் பகுதியின் நடுப்படிக்கட்டு. தூண் தாங்காமல் சுவரிலிருந்தே நீண்டு, குவிமாடத்துக்கு நேர்கீழே மாடி மாடியாக ஏறுகிறது. அங்கே ஜாம்செட்ஜியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. மேலே சரவிளக்குகள், கீழே பட்டுக் கம்பளங்கள், சுற்றிலும் பழங்கால மரச்சாமான்கள்.

சுவர்களில் எம்.எஃப்.ஹுசைன், வி.எஸ்.கைடொண்டே, ராம் குமார் போன்றவர்களின் ஓவியங்கள். ஹோட்டல் இவற்றை அதிகமாக வாங்கியது 1960, 70-களில். அன்று இந்த ஓவியர்களுக்குப் பெரிய விலை கிடையாது. இன்று இவர்களின் ஓவியங்கள் ஏலத்தில் கோடிகளில் போகின்றன. ஓவியமும் பழம்பொருளுமாகச் சேர்த்து, ஹோட்டலில் சுமார் 4,000 கலைப்பொருள்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

அந்த மூன்று நாள்கள்

2008 நவம்பர் 26 இரவு. பயங்கரவாதிகள் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தார்கள். 29-ம் தேதி காலைதான் எல்லாம் ஓய்ந்தது. குவிமாடத்தைச் சுற்றித் தீ எழுந்த காட்சியை நாடே டி.வி-யில் பார்த்தது.

பின்வாசல்கள் ஊழியர்களுக்கு அத்துப்படி. நினைத்திருந்தால் முதலிலேயே தப்பியிருக்கலாம். ஆனால், பெரும்பாலானவர்கள் விருந்தினர்களை வெளியேற்ற அங்கேயே நின்றார்கள். சமையலறை ஊழியர்கள் வரிசையாக நின்று விருந்தினர்களை மறைத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் குண்டுக்குப் பலியானார்கள். அப்போதைய பொது மேலாளரின் மனைவியும் இரண்டு மகன்களும் ஆறாவது மாடித் தீயில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகும் அவர் தன் பணியை விட்டு நகரவில்லை.

ஓவியங்களும் தப்பவில்லை. எரியாமல் மிஞ்சியவற்றில் புகைக்கரி அப்பியிருந்தது. தீயணைப்புத் தண்ணீரில் நனைந்து பூஞ்சை பிடித்தது. ஓவியங்களைச் சீரமைக்கும் நிபுணர்கள் வந்து ஒவ்வொன்றாகக் கரியை நீக்கி, கிழிசலை ஒட்டி, பொறுமையாக மீட்டெடுத்தார்கள். படிக்கட்டில் இருந்த ஜாம்செட்ஜி சிலை மட்டும் சேதமில்லாமல் நின்றது.

எதை மறைப்பது, எதை வைப்பது?

டவர் பகுதி ஒரே மாதத்தில், டிசம்பர் 21-ல் திறக்கப்பட்டது. பழைய பேலஸ் பகுதிக்கு ஏறக்குறைய 21 மாதங்கள் ஆயின. அது திறக்கப்பட்ட நாள் 2010 ஆகஸ்ட் 15.

இப்போது அங்கே நடந்தால் ஒரு குண்டுத்துளைகூடக் கண்ணில் படாது. பழைய அழகு அப்படியே திரும்பியிருக்கிறது. ‘வடுவை விட்டுவைத்திருக்கலாமே’ என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், இது மனிதர்கள் பிறந்தநாள் கொண்டாடவும் கல்யாணம் செய்யவும் வரும் இடம். சுவரின் காயங்களை ஆற்றிவிட்டு, பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டது ஹோட்டல். ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ என்ற நினைவிடத்தில் 31 பெயர்கள் இருக்கின்றன. விருந்தினர், ஊழியர் எல்லோருக்கும் அங்கே ஒரே இடம்தான். 2010 நவம்பரில் மும்பை வந்த அமெரிக்க அதிபர் ஒபாமா இதே ஹோட்டலில் தங்கி, அந்த நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தினார்.

4,000 கலைப்பொருள்கள் இருக்கும் வீட்டில் விலையே சொல்ல முடியாதது அந்தப் பெயர்ப் பலகைதான்.

தங்காமலும் பார்க்கலாம்

அறை எடுத்துத் தங்குபவர்களை ஹோட்டலைச் சுற்றிக்காட்ட அழைத்துச் செல்கிறார்கள். தங்காதவர்கள் முதல் மாடியில் உள்ள ‘சீ லவுஞ்ச்’ போகலாம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு பக்கம் கேட்வே, மறுபக்கம் கடலில் ஆடும் படகுகள். டீ விலை கையைக் கடிக்கும், தயாராகப் போங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்.

பட்ஜெட் இடிக்கிறதா? கவலை வேண்டாம். பக்கத்திலேயே நடந்துபோகும் தூரத்தில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜாம்செட்ஜியின் மகன்கள் தோராப்ஜி டாடாவும் ரத்தன் டாடாவும் சேர்த்த கலைப்பொருள்கள் அங்கே மக்கள் பார்வைக்கு இருக்கின்றன. அதன் அருகிலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியும் உண்டு. குழந்தைகளோடு அரை நாள் நிம்மதியாகச் சுற்றலாம்.

மாலையில் கேட்வே முன்பு திரும்பி வாருங்கள். விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அந்தக் குவிமாடம் தனி அழகு. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அந்த 31 பேரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.