ஓர் ஆட்டம், மூன்று பெயர்கள்

2007 மார்ச்சில் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிக்கெட் கணினி விளையாட்டு, இங்கிலாந்தில் பிரையன் லாராவின் பெயரைத் தாங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் அதுவே ரிக்கி பாண்டிங். இந்தியாவில் யுவராஜ் சிங். உறைதான் வேறு, உள்ளிருந்த ஆட்டம் ஒன்றே. இந்தப் பெயர்மாற்றம் புதிதுமல்ல. தொண்ணூறுகளிலேயே லாராவின் பெயரில் வந்த ஆட்டம் ஆஸ்திரேலியக் கடைகளில் ஷேன் வார்னின் பெயரில் விற்றது. மட்டையாளரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பந்துவீச்சாளரை வைக்க வணிகத்துக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை!

விழுப்புரத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்ததோ உறையே இல்லாத குறுந்தட்டு. கறுப்பு மையால் 'லாரா' என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியவன் திண்டிவனத்து நண்பன். ஞாயிறுதோறும் பாசஞ்சர் ரயிலில் வருவான். இடக்கைக்காரன். சிறுவயதில் இடக்கையால் எழுதியதற்கும் உண்டதற்கும் அவன் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. 1994 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் 375, சரியாக ஏழு வாரம் கழித்து பர்மிங்காமில் ஆட்டமிழக்காமல் 501 என்று ஓர் இடக்கை ஆட்டக்காரன் குவித்தது அவனுக்கு வெறும் சாதனைக் கணக்கல்ல. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லத் துணியாத பதில். யுவராஜும் இடக்கைதானே என்று நான் கேட்டதுண்டு. சிரித்துக்கொள்வான். அடி வாங்கிய காலத்தில் துணையிருந்தவன் லாரா அல்லவா?

விளையாட்டு என்ற வகையில் அது குறையுள்ளதுதான். சுழற்பந்தை வாசிக்கும் அந்த நுட்பமும், வானளாவ உயரும் அந்த மட்டையும் விசைப்பலகைக்குள் எங்கே அடங்கும்? ஆனாலும் அவன் எப்போதும் மேற்கிந்தியத் தீவுகளையே எடுப்பான்.

அந்த உலகக்கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஏப்ரல் 21, சனிக்கிழமை, பிரிட்ஜ்டவுனில் தன் கடைசிச் சர்வதேசப் போட்டியை ஆடிய லாரா 18 ரன்னில் ரன் அவுட் ஆனார். மறுநாள் நண்பன் வழக்கம்போல் வந்தான். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. லாராவைத் தொடக்க ஆட்டக்காரனாக இறக்கினான். நாற்பதைத் தாண்டியிருக்கும்போது இல்லாத ஒரு ரன்னுக்கு ஓடினான். லாரா பாதி வழியில் நின்றார். பந்து என் களத்தடுப்பாளன் கையில். எறியும் விசையின்மேல் விரல் இருந்தது. நான் அழுத்தவில்லை.

கவனித்திருப்பான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஓவருக்குள் மின்சாரம் போயிற்று.