டிப்ஸ் கொடுக்கலாமா?

ரப்பர் மரங்கள் நின்ற சீபீல்டு தோட்டம்தான் 1976 முதல் சுபாங் ஜெயா நகரமாக வளர்ந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஓட்டல்களில் பரிமாறுகிறார்கள், மதுக்கூடத்தில் நிற்கிறார்கள். நாமும் அங்கே விருந்துக்குப் போகிறோம். பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேலும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள ஓட்டல்களில் அந்தக் கட்டணம் தொழிலாளர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பங்கிடப்படுகிறது. அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பால்மரம் வெட்டியவருக்குக் கூடுதல் எடைக்குக் கிடைத்த காசைப் போல, அது தருமம் அன்று, உழைத்தவரின் உரிமை.

ஆகவே முதலில் பில்லைப் பாருங்கள். கட்டணம் இருந்தால் அது பணியாளருக்குப் போய்ச் சேருகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சேருகிறது என்றால் டிப்ஸ் கடமையல்ல. மனம் குளிர்ந்தால் கொடுங்கள். சேரவில்லை என்றால் நம் பிள்ளைக்கு என்று நினைத்துக் கொஞ்சம் கையில் கொடுத்து, நன்றியும் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓட்டல் வேலைக்குப் போனால், "டிப்ஸ் நிறையக் கிடைக்கும்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணம் யாருக்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.