வலியும் வலிமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்பக்க அடிவாரத்தில், சிவகிரிக்கு அருகே அமைந்த ஊர் ராயகிரி. நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதனுள் அடங்கியது. வானம் தெளிந்த காலை வேளையில் மலைத்தொடர் மேற்கே நீலச் சுவர்போல் எழுந்து நிற்கும்.

இவ்வூரில் முதிய உழவர் ஒருவர் இருக்கிறார். அகவை எண்பதை நெருங்கியவர். இளமையில் அவர் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்புறமாக எறிந்தவர் என்று ஊரார் இன்றும் கூறுவர். இளவட்டக்கல் என்பது தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்கள் பலவற்றில் காணப்படும் உருண்டைக் கல். வழவழப்பாய் இருத்தலின் அது கைக்கு எளிதில் பிடி கொடாது. குனிந்து இரு கையாலும் அணைத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சில் சாய்த்து, பின்னரே தோளுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்பது பழைய பேச்சு.

அப்பெரியவர் ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, “வலி பொறுக்க முடியவில்லை” என்றார். அருகில் அவருடைய பேரன் திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

“தாத்தா, வலி என்றால் வலிமை என்று எங்கள் ஆசிரியர் கூறினார். நீங்களோ வலி பொறுக்க முடியவில்லை என்கிறீர்கள். வலிமையைப் பொறுக்க முடியாது என்று எவரேனும் கூறுவார்களா?” என்று அவன் வினவினான்.

பெரியவர் நகைத்தார். “கல்லைத் தூக்கியதும் இந்த முழங்கால்தான், இன்று என்னை எழுந்து நிற்க விடாததும் இந்த முழங்கால்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் விவரம் தெரிந்தவனப்பா” என்றார்.

சிறுவன் கேட்ட கேள்வி சிறிதன்று. வல் என்னும் அடியினின்று வன்மை, வலிமை, வல்லவன், வல்லமை முதலிய சொற்கள் கிளைத்தன. க, ச, ட, த, ப, ற என்னும் ஆறும் வல்லினம் எனப் பெயர் பெற்றமை மாணவர் அறிந்ததே. ‘வலி மிகும் இடம் யாது?’ என்று இலக்கணத் தேர்வில் வினவினால், ‘முழங்கால்’ என்று விடை எழுதும் குறும்பனும் இருத்தல் கூடும். வலம் என்னும் சொல்லுக்கும் வலிமை, வெற்றி என்னும் பொருள்கள் உண்டு. பெரும்பாலோர்க்கு ஆற்றல் மிகுந்த கை வலக்கை அன்றோ? இடக்கைப் பழக்கமுடையோர் இதனை ஒப்பமாட்டார். அவர் வழக்கு நியாயமானதே.

இனி, வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்றும் பொருள் உண்டு. படகோட்டி துடுப்பு வலிக்கிறான். மலையாள மொழியில் இன்றும் அச்சொல் இழுத்தலைக் குறிக்கும். நரம்பைப் பிடித்து இழுப்பது போன்ற நோவு வலி எனப் பெற்றது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. வலிமையும் வருத்தமும் ஒரு சொல்லில் கூடுவது புதிதும் அன்று. தா என்னும் உரிச்சொல்லுக்கு வலி, வருத்தம் என்னும் இரு பொருளையும் தொல்காப்பிய உரியியல் கூறுகின்றது. இன்று அச்சொல் வழக்கில் இல்லை. ஆயினும் அதன் இரு பொருளும் வலி என்னும் சொல்லில் வாழ்கின்றன.

வலிமையைக் குறிக்கும் பிற சொற்களுள் நோன்மை மிகச் சிறந்தது. நோன்றல் என்றால் பொறுத்தல். பசியைப் பொறுத்திருப்பது நோன்பு. ஆகவே நோன்மை என்பது பிறரை வீழ்த்தும் வலிமையினும் தாங்கி நிற்கும் வலிமையையே சிறப்பாகச் சுட்டுவது. ஆற்றல் என்பதும் அத்தகையதே. ஆற்றுதல் செய்தலும் ஆம், பொறுத்தலும் ஆம். பசியைப் பொறுப்பவர் ஆற்றலினும், பிறர் பசியை மாற்றுவார் ஆற்றலே பெரிது என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் உரைப்பார்.

உரம் என்னும் சொல்லின் வாழ்க்கை வியப்புடையது. அது வலிமையையும் மார்பையும் குறித்தது. உரன் என்பது உள்ளத்தின் திண்மை. ஐம்பொறியாகிய யானைகளை அடக்கும் தோட்டியாக வள்ளுவர் அதனைக் காட்டுவார். இன்றோ உரம் என்றவுடன் உழவர் வயலுக்கு இடும் எருவே நினைவிற்கு வரும். மண்ணுக்கு வலிமை தருவது உரம் எனப்பட்டது எவ்வாறு தவறாகும்? கைக்குழந்தைக்குக் கழுத்திலோ மார்பிலோ பிடிப்பு ஏற்படின், ‘உரம் விழுந்தது’ என்பர் தாய்மார். புலவர் கைவிட்ட பொருளைத் தொட்டிலருகே காத்தவர் அவர்.

துப்பு என்பதும் வலிமையே. நூல் வழக்கில் அது அருகிவிட்டது. வசை வழக்கில் அருகவில்லை. ‘துப்புக் கெட்டவன்’ என்று சினந்து கூறுபவர், தாம் பழந்தமிழ் பேசுவதை அறியார். எறுழ், மிடல், மைந்து முதலிய சொற்கள் அவ்வளவு பேறு பெறவில்லை. அவை அகராதியில் துயில்கின்றன. மொய்ம்பு என்பதற்கு வலிமை, தோள் என இரு பொருளும் உண்டு.

பண்டைக் கிரேக்கரும் வலிமைக்குப் பல சொற்களை வைத்திருந்தனர். ஒருவரை வற்புறுத்தும் வன்முறை ‘பியா’. அடக்கி ஆளும் மேன்மை ‘கிராட்டோஸ்’. மக்களைக் குறிக்கும் ‘தேமோஸ்’ என்னும் சொல்லோடு பின்னது சேர்ந்ததால் மக்களாட்சிக்கு அவர்மொழியில் பெயர் பிறந்தது. ஒன்றைச் செய்யவல்ல ஆற்றல் ‘தூனமிஸ்’. ஆல்பிரட் நோபல் 1867இல் தாம் கண்ட வெடிமருந்துக்கு டைனமைட் என்று பெயரிட்டது இச்சொல்லைக் கொண்டே. ஆற்றலைக் குறித்த சொல் பாறையைப் பிளக்கச் சென்றது. இங்கே உரம் வயலுக்குச் சென்றது.

ராயகிரித் திண்ணையில் பேச்சு இவ்வளவு தொலைவு செல்லவில்லை. “அந்தக் கல் இன்னும் இருக்கிறதா, தாத்தா?” என்று சிறுவன் கேட்டான். பெரியவர் மறுமொழி கூறாமல் கையை நீட்டினார். அவன் எழுந்து தோள் கொடுத்தான். ஆண்டுகள் பல கழித்து அவர் அந்த மரத்தடிக்கு நடந்தார். இடையில் இருமுறை நின்றார்.

கல்லின் அரைப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. சிறுவன் சுற்றிலும் மண்ணைத் தோண்டி நீக்கி, குனிந்து அதனை அணைத்தான். கல் அசையவில்லை.

“முதுகை வளைக்காதே. முழங்காலை மடக்கு” என்றார் பெரியவர்.